ஹில் கிளைம்ப் ஓட்டப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

சொந்தக் காரை வைத்துக்கொண்டு அமெச்சூராக மலைப்பாதைப் பந்தயத்தில் இறங்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விதிகள் போட்டிக்குப் போட்டி, பிரிவுக்குப் பிரிவு மாறும். ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் உங்கள் பிரிவின் விதிப்புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.

அண்ணா, ரேலிக்குத் தயார் செய்த கார் ஒன்று இருக்கிறது. அதையே ஹில் கிளைம்புக்கு எடுத்துப் போகலாமா?

போகலாம், ஓடும். ஆனால் இரண்டும் ஒரே வேலை இல்லை. ரேலியில் ஸ்டேஜ் (நேரம் எடுக்கும் பகுதி) நீளமானது, பக்கத்தில் வழி சொல்லும் கோ-டிரைவர் இருப்பார், முதல் கிலோமீட்டரில் விட்ட நேரத்தைப் பின்னால் பிடிக்கலாம். ஹில் கிளைம்பில் நீங்கள் தனி ஆள், ஓட்டமும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இங்கிலாந்தில் 1905 முதல் நடக்கும் ஷெல்ஸ்லி வால்ஷ் மலைப்பாதையின் நீளமே 1000 கஜம்தான், அதாவது 914 மீட்டர். வேகமான கார்கள் அதை அரை நிமிடத்துக்குள் முடித்துவிடுகின்றன. டயரும் பிரேக்கும் சூடாகும் முன்பே பாதி போட்டி போய்விடும். அதனால் காரின் ஒவ்வொரு பாகத்தையும் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதல் வளைவிலேயே இது வேலை செய்யுமா?

மண் ரோட்டுக்கு உயர்த்தி வைத்த கார் என்றால் தார் ரோட்டுக்காகக் கொஞ்சம் இறக்குங்கள். டிஃப் ரேஷியோவையும், அதாவது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் கியர் விகிதத்தையும், பாருங்கள். உங்கள் பாதையில் உண்மையில் எட்டக்கூடிய உச்ச வேகத்துக்கு மேல் கியர் வைத்திருப்பதில் பயனில்லை.

1.6 லிட்டர் பெட்ரோல் கார், என்ஜின் கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது. கையிருப்பு குறைவு. முதலில் என்ஜினை டியூன் செய்யலாமா?

வேண்டாம். முதலில் சீட்டும் பெல்ட்டும், பிறகு பிரேக், டயர், அப்புறம் எடைக் குறைப்பு, முன்சக்கர இழுவைக் கார் என்றால் லிமிடெட் ஸ்லிப் டிஃப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுப்பது). என்ஜின் கடைசி.

எடையை ஏன் முன்னால் வைக்கிறேன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 1000 கிலோ கார் 10 சதவீத ஏற்றத்தில் 90 கிமீ வேகத்தில் போனால், அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டுமே சுமார் 33 குதிரைத்திறன் போய்விடும். வேகம் கூட்டுவதற்கு மிச்சம் இருப்பதுதான் உங்களுக்கு. 100 கிலோ குறைத்தால் அந்த இடத்தில் 3 குதிரைத்திறனுக்கு மேல் சும்மா கிடைக்கிறது. அது போக, பிரேக்கும் டயரும் சுமப்பதும் குறையும். பின் சீட், கார்ப்பெட், சத்தம் தடுக்கும் ஷீட், ஸ்டெப்னி என்று விதி அனுமதிப்பதைக் கழற்றுங்கள். பாடியின் குறுக்குச் சட்டங்களில் கை வைக்காதீர்கள்.

சார், ரேஸ் பிரேக் பேட் வாங்கிப் போட்டேன். முதல் இரண்டு வளைவில் கார் நிற்கவே மாட்டேன் என்கிறது. பேட் போலியா?

பேட் மேல் தப்பு இருக்காது, அதற்கான இடம் இது இல்லை. சர்க்யூட் பேட்கள் பல சுற்றுகள் ஓடிச் சூடான பிறகு கடிப்பதற்காகச் செய்தவை. குளிர்ந்த நிலையில் சாதாரண ரோட்டு பேடைவிட மோசமாகக்கூட இருக்கும். அதோடு, மேட்டில் ஏறும்போது புவியீர்ப்பும் கொஞ்சம் வேலையைச் செய்துவிடுவதால் பிரேக் அவ்வளவாகச் சூடாவதும் இல்லை. குளிரிலேயே கடிக்கும் ஸ்போர்ட் ரோட்டு பேட் போட்டு, போட்டிக்கு முன்பே முறையாகப் படிய வைத்து எடுத்துப் போங்கள்.

பிரேக் ஆயிலைப் பொறுத்தவரை நல்ல டாட் 4 போதும். புதியதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் இழுத்த பிறகு 155 வரை இறங்கலாம். எனவே விலையுயர்ந்த பழைய ஆயிலைவிடப் புதிதாக மாற்றிய சாதாரண ஆயில் மேல். டாட் 5 என்பது சிலிகான், அதை இதோடு கலக்கவே கூடாது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், டாட் 5.1 வேறு, அது சிலிகான் இல்லை.

டயர் காற்று எவ்வளவு வைப்பது? நான் சர்க்யூட்டில் 26 பி.எஸ்.ஐ.-இல் தொடங்குவேன்.

சர்க்யூட்டில் 26-இல் தொடங்கினால் ஓட ஓட 32 பக்கம் ஏறும், அது சரி. இங்கே ஏறவே நேரம் இல்லை. சூடான பிறகு என்ன அழுத்தம் வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அதற்குப் பக்கத்திலேயே தொடங்குங்கள். உங்கள் கணக்கில் 29, 30. ஒவ்வொரு ரன்னுக்கும் அழுத்தம், ரோட்டுச் சூடு, நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள்.

பழைய செமி-ஸ்லிக் (பட்டன் குறைவான பந்தய டயர்) மலிவாகக் கிடைக்கிறது என்று பலர் வாங்குகிறார்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம் செய்தது. வயதான ரப்பர் கல்லாக இறுகியிருக்கும், பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தாலும் பிடிக்காது. மழை வந்தால் செமி-ஸ்லிக்கைக் கழற்றிவிட்டு நல்ல ரோட்டு டயரைப் போடுங்கள்.

பச்சை விளக்கைப் பார்த்ததும் பதற்றத்தில் கிளட்சை விட்டு சக்கரம் சுழன்றுவிடுகிறது. என்ன செய்வது?

பெரும்பாலான ஹில் கிளைம்ப்களில் கடிகாரம் விளக்கோடு ஓட ஆரம்பிப்பதில்லை. கார் ஒளிக்கற்றையைக் கடக்கும்போதுதான் நேரம் தொடங்கும். விளக்கு எரிந்த பிறகு மூச்சு விட்டு, ரெவ்வைச் சரி செய்துகொண்டு கிளம்பலாம். உங்கள் போட்டியிலும் அப்படித்தானா என்று டிரைவர்கள் கூட்டத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேட்டில் கார் பின்னால் உருளாமல் இருக்கச் சில இடங்களில் பின்சக்கரத்துக்குக் கட்டை வைப்பார்கள். கட்டை இருக்கும்போது ஹேண்ட் பிரேக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிரிட்டனில் முதல் 64 அடிக்குத் தனியாக நேரம் எடுக்கும் வழக்கம் உண்டு. உங்கள் கிளட்ச் வேலை நன்றாக இருக்கிறதா என்பதை அந்த எண் தாட்சண்யம் இல்லாமல் சொல்லிவிடும்.

முன்சக்கர இழுவைக் கார். கொண்டை ஊசியில் உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுற்றுகிறது. ஹேண்ட் பிரேக் இழுத்துத் திருப்பலாமா, தலைவரே?

வீடியோவில் பார்க்க அழகாகத்தான் இருக்கும்! ஆனால் ஏற்றத்தில் இழந்த ஒவ்வொரு கிமீ வேகத்தையும் என்ஜின் திரும்பச் சம்பாதிக்க வேண்டும். வேறு வழியே இல்லாத குறுகலான வளைவுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தில் எடை பின்னால் சாய்கிறது. திரும்பும்போது உள்பக்க முன்சக்கரம் இன்னும் லேசாகிறது. பல கொண்டை ஊசிகளில் உள்ஓரம்தான் செங்குத்தாக இருக்கும், வெளிஓரம் ஏறக்குறைய சமதளம். எனவே அகலமாக உள்ளே போங்கள், காரை முழுதாகத் திருப்பி முடியுங்கள், ஸ்டியரிங் நேராக ஆரம்பித்த பிறகே ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். வளைவுக்குள் அரை வினாடி பொறுத்தால் அடுத்த நேர்ப்பாதை முழுக்க அது வட்டியோடு திரும்பி வரும். அமைப்பில் பின்பக்க ஆன்டி-ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) கொஞ்சம் இறுக்கமாக்குவது உதவும். உண்மையான தீர்வு லிமிடெட் ஸ்லிப் டிஃப்தான். ஹெலிக்கல் வகைக்குப் பராமரிப்பு குறைவு, ஆனால் சக்கரம் ரோட்டை விட்டு முழுதாகத் தூக்கினால் அது கைவிட்டுவிடும். பிளேட் வகை அப்போதும் இழுக்கும், பதிலுக்கு ஆயிலும் பிளேட்டும் அடிக்கடி மாற்றக் கேட்கும்.

கோ-டிரைவர் இல்லாமல் பாதையை எப்படி மனப்பாடம் செய்வது?

நடந்துதான். மேலே ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது திரும்பிப் பார்த்தபடி ஒரு தடவை. ரோட்டின் சாய்வு, வடிகால் மூடி, ஓரத்தில் மண் சேர்ந்த இடம் இதெல்லாம் காரில் போனால் தெரியாது. பாதையை நான்கைந்து துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மரம், ஒரு கம்பம் என்று அடையாளம் வையுங்கள். 19.99 கிமீ, 156 வளைவு உள்ள அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைப்பந்தயத்திலேயே பயிற்சியைத் துண்டு துண்டாகத்தான் நடத்துகிறார்கள். மறந்தே போய்விடுவோமோ என்று தோன்றும் கண்மறைவு வளைவுகளை முதலில் படியுங்கள். மீதி எல்லாம் எதிரே தெரியும்.

உயரத்தில் பவர் குறையும் என்கிறார்களே, எவ்வளவு?

டர்போ இல்லாத என்ஜினுக்கு 1000 மீட்டருக்குத் தோராயமாக 10 சதவீதம். ஒரு கிமீ பாதையில் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பைக்ஸ் பீக் 4300 மீட்டரில் முடிவதால் அங்கே இது பெரிய விஷயம். காற்று தேவைப்படாத மின்சாரக் காரில் ரொமைன் டுமாஸ் 2018-இல் 7 நிமிடம் 57.148 வினாடியில் ஏறி, முதன்முதலாக 8 நிமிடத்துக்குள் வந்தார். கார்புரேட்டர் வண்டி என்றால் உயரத்தில் பெட்ரோல் அதிகமாகிப் புகையும். ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) சிறிதாக்குங்கள்.

ரோல் கேஜை (கார் உருண்டால் ஆளைக் காக்கும் குழாய்க் கூடு) வெல்டிங் பட்டறையில் கொடுத்துச் செய்யலாமா?

கிரில் கதவு செய்கிற பைப்பில் கேஜ் செய்வதற்கு, கேஜ் இல்லாமல் ஓட்டுவதே மேல். வளையும் கேஜ் உங்கள் தலைக்கு மேலேயே மடங்கும். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.-வின் விதியில் மெயின் ஹூப்புக்கு (சீட்டுக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளையம்) தையல் இல்லாத, குளிர்முறையில் இழுத்த கார்பன் ஸ்டீல் குழாய்தான், குறைந்தது 45 மிமீ விட்டம் 2.5 மிமீ தடிமன், அல்லது 50-க்கு 2. ஹெல்மெட் படக்கூடிய இடமெல்லாம் பேடிங் வேண்டும். தோள்பட்டை பெல்ட் பின்னால் அதிகம் கீழிறங்காமல் போக வேண்டும். 45 டிகிரியைத் தாண்டினால் மோதலில் முதுகெலும்பை அழுத்திவிடும். சீட், பெல்ட் இரண்டுக்கும் காலாவதித் தேதி உண்டு, ஸ்க்ரூட்டினியில் (போட்டிக்கு முன் நடக்கும் கார் சோதனை) முதலில் அந்த லேபிளைத்தான் பார்ப்பார்கள். பேட்டரி கிளாம்ப், தீயணைப்பான் பிராக்கெட், டோ ஹூக் (காரை இழுக்கும் கொக்கி) ஆகியவற்றை வீட்டிலேயே கையால் ஆட்டிப் பாருங்கள்.

போட்டிக் காரிலேயே ஓட்டிப் போய் ஓட்டித் திரும்பலாமா?

ரோட்டில் ஓட்டச் சட்டப்படி தகுதி இருந்தால் தாராளமாக. போட்டி டயரை உள்ளே கட்டி எடுத்துப் போங்கள். ரன் முடிந்து சூடாக இருக்கும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் நிறுத்திக் கல் வையுங்கள். கிளம்பும் முன் வீல் நட்டை டார்க் ரெஞ்சில் இறுக்கி, பேடில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும்போதுதான் பிரேக்குக்கு உண்மையான வேலை.