இம்ப்ளான்ட் பல்லைச் சுற்றி இரத்தம் வருகிறது, வலி இல்லை: உடனே காட்ட வேண்டுமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கும் அப்பாவுக்குக் கீழ்க் கடைவாயில் மூன்று வருடத்துக்கு முன் கோவையில் இம்ப்ளான்ட் வைத்தோம். இப்போது பல் தேய்த்தால் அந்த இடத்தில் மட்டும் இரத்தம். வலி கிடையாது. அடுத்த முறை கீழே போகும்போது காட்டினால் போதுமா?

போதாது, இந்த வாரமே காட்டுங்கள். அதற்காகக் கோவைக்கு இறங்க வேண்டியதில்லை. முதல் பரிசோதனையைக் கோத்தகிரியிலோ குன்னூரிலோ ஊட்டியிலோ உள்ள பல் மருத்துவரே செய்துவிடலாம்.

வலி இல்லை என்பதை நம்பித்தான் பலர் நாள் கடத்துகிறார்கள். சொந்தப் பல்லின் வேரில் ஈறின் நார்கள் குத்திப் பதிந்து, கிருமி கீழே இறங்காமல் காக்கும். இம்ப்ளான்டாக எலும்பில் பதித்த டைட்டானியம் திருகில் அந்த நார்கள் பதிவதில்லை, ஒட்டினாற்போல் பக்கத்தில் நிற்கும், அவ்வளவுதான். அதனால் அழுக்குப் படலம் உள்ளே போய்விட்டால் எலும்பு வேகமாகக் கரையும், அதுவும் பெரும்பாலும் வலியே தெரியாமல்.

ஈறு மட்டும் வீங்கி இரத்தம் வந்தால் அது மியூக்கோசைட்டிஸ். சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எலும்பும் கரைய ஆரம்பித்திருந்தால் பெரி இம்ப்ளான்டைட்டிஸ். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வராது. இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மருத்துவர் ப்ரோப் என்ற அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை 25 கிராம் அளவு மெல்லிய அழுத்தத்தில் ஈறுக்குள் சுற்றிலும் விட்டு ஆழம் அளப்பார், எக்ஸ்ரே எடுப்பார். ஈறை விரலால் கீழிருந்து மேலாக நீவும்போது திருகின் மேல் மாட்டிய கேப்பின், அதாவது செயற்கைப் பல்லின் ஓரத்தில் வெண்மஞ்சளாக ஒரு துளி சீழ் எட்டிப் பார்த்தால் தள்ளிப்போடவே கூடாது.

கேப் மாட்டிய சமயம் எடுத்த எக்ஸ்ரேயைக் கோவை மருத்துவமனையில் கேட்டு வாங்கிவிடுங்கள். அதோடு ஒப்பிட்டால்தான் எலும்பு எவ்வளவு இறங்கியது என்று தெரியும். அது கிடைக்காவிட்டால், இரத்தத்தோடு 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமும், 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் எலும்பு இழப்பும் இருந்தால் பெரி இம்ப்ளான்டைட்டிஸ் என்றே எடுத்துக்கொள்வார்கள். இம்ப்ளான்டின் கம்பெனி, சைஸ் எழுதிய அட்டையும் கையில் இருக்கட்டும். கேப்பைக் கழற்றச் சரியான ஸ்க்ரூ டிரைவர் எது என்று தெரிய அதுதான் வழி.

கேப்பை சிமென்ட் வைத்து ஒட்டினார்களா, ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்களா என்றும் விசாரியுங்கள். ஈறுக்கடியில் கடுகளவு சிமென்ட் தங்கினாலே இந்தத் தொல்லை வரும். அதை எடுக்காமல் எத்தனை முறை கிளீனிங் செய்தாலும் இரத்தம் நிற்காது. மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதும் வீண், மாத்திரை அந்தப் படலத்தைக் கரைக்காது. சுத்தம் செய்தும் ஆழம் குறையாவிட்டால் ஈறைத் திறந்து திருகைச் சுத்தப்படுத்த வேண்டிவரும்.

வீட்டில், பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி உள்ள இன்டர்டென்டல் பிரஷ்ஷால் (பல் இடுக்கில் நுழையும் சின்ன பிரஷ்) தினமும் இரவு இரண்டு பக்கமும் தேய்க்க வேண்டும். இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிட்டால் இன்னும் மோசமாகும். மலைக் குளிரில் இரவுத் தேய்ப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்க்கலாம், தப்பில்லை. பீடி, சிகரெட் பழக்கமோ கட்டுப்படாத சர்க்கரையோ இருந்தால் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பல் ஆடினால் பயந்துவிட வேண்டாம். பல சமயம் கேப்பைப் பிடித்திருக்கும் உள் ஸ்க்ரூதான் தளர்ந்திருக்கும், முடுக்கினால் போதும். எலும்பில் பதித்த இம்ப்ளான்ட் திருகே ஆடுகிறது என்று உறுதியானால் மட்டும் அதை எடுத்தாக வேண்டும்.