அண்ணனின் கார் தவணையும் தள்ளிப்போகும் தேர்வும்

கேள்வி: எனக்கு 27 வயது. சுங்கை சிப்புட்டில் அம்மாவோடு இருக்கிறேன். ஈப்போவில் ஆட்டிசம் பிள்ளைகளுக்கான மையத்தில் வேலை; கைக்கு 2,150 ரிங்கிட் வருகிறது. நடத்தைச் சிகிச்சைச் சான்றிதழ்த் தேர்வு எழுதினால் சம்பளம் கூடும். மொத்தச் செலவு 1,200 ஆகும் என்று மாதம் 150 சேர்க்கிறேன். மூன்று தடவை அந்தப் பணம் அண்ணனுக்கே போய்விட்டது. அவருடைய கார் தவணைக்காக மாதாமாதம் கிரெடிட் கார்டில் 400 ரொக்கமாக எடுத்தும் கொடுக்கிறேன். கார்டுக்கு 300 கட்டுகிறேன். பாக்கி 4,300, வரம்பு 4,800. ஒரு ஏஜென்ட், ஆர்பிடி (RBT) என்ற நடத்தைச் சிகிச்சைச் சான்றிதழ்த் தேர்வுக்கு 3,600 ரிங்கிட் பேக்கேஜ், வட்டியில்லாத 12 தவணை என்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆர்பிடி சான்றிதழைத் தரும் அமெரிக்க அமைப்பு 2023 ஜனவரி முதல் மலேசியாவில் வசிப்பவர்களிடம் புதிய விண்ணப்பம் வாங்குவதில்லை. எழுத முடியாத தேர்வுக்குத் தவணை எதற்கு? அதற்குப் பதிலாக ஐபிஏஓ (IBAO) போன்ற பன்னாட்டு நடத்தைச் சிகிச்சை அமைப்புகளின் சான்றிதழ் இருக்கிறது. எதை ஏற்பார்கள் என்று உங்கள் மையத்தில் முதலில் கேளுங்கள். சம்பள உயர்வையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊழியர் பயிற்சிக்கு நிதி தரும் அரசு அமைப்பான எச்ஆர்டி கோர்ப்புக்கு லெவி (பயிற்சி நிதிக்கான கட்டணம்) கட்டும் முதலாளி என்றால் பயிற்சிச் செலவையே கேட்டுப் பார்க்கலாம்.

சரி, பேக்கேஜை விடுங்கள். உங்களைத் தேர்வு எழுத விடாமல் பிடித்து வைத்திருப்பது அந்த 400.

ஒவ்வொரு முறை ரொக்கம் எடுக்கும்போதும் சுமார் 5 விழுக்காடு கட்டணம், அதாவது 20 ரிங்கிட். ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி என்றால் 4,300-க்கு மாதம் 65. ஆக மாதம் 85 ரிங்கிட் யாருக்கும் பயனில்லாமல் போகிறது. 14 மாதத்தில் உங்கள் தேர்வுச் செலவு முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். அதோடு, 300 கட்டிவிட்டு 485 ஏற்றிக்கொள்கிறீர்கள். பாக்கி மாதம் 185 கூடுகிறது. மூன்று மாதத்தில் வரம்பைத் தொட்டுவிடும். அப்போது அண்ணனுக்கும் கொடுக்க முடியாது, உங்களிடமும் ஒன்றும் இருக்காது.

இதை இன்றே நிறுத்தினால், அதே 300-ஐக் கட்டியே 17 மாதத்தில் கடன் தீரும். 150-ஐத் தொடாமல் வைத்தால் எட்டு மாதத்தில் 1,200 சேர்ந்துவிடும்.

அண்ணன் விடுவாரா என்பதுதான் உங்கள் பயம். அடம் பிடித்து அழும் பிள்ளைக்குக் கேட்டதைக் கொடுத்தால் அடுத்த தடவை என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிறவர் நீங்கள். கொடுப்பதை நிறுத்தியதும் முதலில் அழுகை கூடும், பிறகுதான் அடங்கும் என்பதும் உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. வீட்டிலும் முதல் மாதம் அப்படித்தான் இருக்கும். அம்மாவும் நடுவில் வருவார். "கூடப் பிறந்தவன், கார் இழுத்துக்கிட்டுப் போயிட்டா வேலைக்கு எப்படிப் போவான்?" என்பார். பால்மரம் வெட்டி, செம்பனைத் தோட்டத்தில் உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய தாய்மார்கள் இப்படிக் கேட்கும்போது மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் கார் கடன் அண்ணன் பெயரில் இருக்கிறது. இரண்டு தவணை தொடர்ந்து தவறினால்தான் கார் இழுக்கும் நடவடிக்கைக்கு இடம் உண்டு. அதற்கு முன்பே அவர் வங்கிக்குப் போய்த் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டக் கேட்கலாம். பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே (AKPK) என்ற கடன் ஆலோசனை அமைப்பில் ஆலோசனை இலவசம். அவர் போகத் தயங்கினால் ஒரு சனிக்கிழமை நீங்களும் கூடப் போங்கள். நீங்கள் செய்யக்கூடிய உண்மையான உதவி அதுதான்.

படிப்புக்கு விலை உயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. தேர்வில் என்னென்ன வரும் என்ற பாடப்பட்டியலைச் சான்றிதழ் அமைப்பின் தளத்திலிருந்து எடுத்து, வேலை முடிந்து வந்த பிறகு தினம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பாதிப் பாடத்தைக் கையால் செய்துகொண்டுதானே இருக்கிறீர்கள்.

அடுத்த சம்பளத்துக்கு முன்பே வங்கிக்குப் போன் செய்து, கார்டில் ரொக்கம் எடுக்கும் வசதியை மூடச் சொல்லுங்கள். அப்புறம் அண்ணனிடம் பேசுங்கள்.