திட்டிக்கொண்டே கும்பிடலாமா?

வணக்கம் அக்கா,

எங்கள் வீடு நெல்லியடிப் பக்கம். தம்பிக்கு 24 வயது. போன வாரம் வல்லை வெளியில் அவனுடைய மோட்டார் சைக்கிளும் ஒரு வானும் மோதி, தலையில் பலத்த காயம். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் மிசினில் வைத்திருக்கிறார்கள். 15க்கு 5 என்று டொக்டர் சொன்னார். அம்மா சந்நிதி முருகன் கோவிலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறா. நானும் போய்க் கும்பிடுகிறேன். ஆனால் வாய் தேவாரம் சொல்ல, மனம் முருகனைத் திட்டுகிறது. 'முழு மனதாய் நம்பினால்தான் பொடியன் எழும்புவான்' என்று மாமி சொல்கிறா. என் நம்பிக்கைக் குறைவால் அவனுக்கு ஏதும் நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அவன் வளர்த்த ஜிம்மியும் படலையடியை விட்டு அசையவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

முதலில் மாமியின் கதைக்கு வருகிறேன். அவ அன்பில்தான் சொல்லியிருப்பா. ஆனாலும் அது சரியில்லை. தம்பியின் உயிரை உங்கள் மனதின் தலையில் கட்டிவிடுவதற்கு யாருக்கும் உரிமை கிடையாது. வல்லை வெளியில் நடந்ததற்கும் நீங்கள் பொறுப்பில்லை, இனி நடக்கப்போவதற்கும் இல்லை.

திட்டுவது பற்றிக் கேட்டீர்கள். அப்பர் பாடிய முதல் பதிகத்தை நினைத்துப் பாருங்கள். சூலை நோயில் வயிறு முறுக்க, திருவதிகையில் நின்று அவர் எடுத்த எடுப்பிலேயே சொன்னது 'கூற்றாயின வாறு விலக்ககிலீர்'. யமனாய் வந்து நிற்கும் இந்த நோயை நீர் விலக்கவில்லையே என்ற முறைப்பாடு அது. அடுத்த வார்த்தையிலேயே, நான் செய்த கொடுமை என்னவென்று எனக்குத் தெரியாது என்கிறார். வேறு சமயத்தில் இருந்தவர், வலி தாங்காமல் வந்து நின்று கேட்டது அது. அதைத்தான் நாங்கள் இன்றைக்கும் கோவிலில் கைகூப்பிப் பாடுகிறோம்.

அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனது யார்? அக்கா திலகவதியார். மணம் பேசியிருந்தவர் போரில் இறந்தபோது தானும் உயிரை விடத் துணிந்தவர், தம்பி இருக்க வேண்டுமே என்பதற்காக உயிரைத் தாங்கிக்கொண்டார் என்று பெரியபுராணம் சொல்கிறது. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இரண்டு நாளாக உங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அக்காவின் ஞாபகமாகவே இருக்கிறது.

டொக்டர் சொன்ன அந்த 5 பற்றியும் சொல்ல வேண்டும். அது சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ அளவு. பாரமான காயம்தான், மறைக்கவில்லை. 8ம் அதற்குக் கீழும் கடுமை என்றுதான் கணக்கு. ஆனால் பள்ளிக்கூடப் புள்ளி மாதிரி அதைப் பார்க்காதீர்கள். அந்த அளவு 0இல் தொடங்குவதில்லை, 3இல் தொடங்குகிறது. கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றையும் கூட்டிச் சொல்வது. தொண்டையில் குழாய் இருந்தால் பேச முடியாது. மூளைக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமென்றே மயக்க மருந்தில் வைத்திருந்தால் கண்ணும் திறக்காது. ஆகவே நாளைக்கு டொக்டரிடம், 'மயக்க மருந்தைக் குறைக்கத் தொடங்கிவிட்டீர்களா, குறைத்தபோது அசைந்தானா' என்று கேளுங்கள். கேட்டதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். நித்திரை இல்லாத மூளையில் எதுவும் நிற்காது.

2013இல் என் ஐயா வேப்பமரத்தில் கொப்பு வெட்டப் போய் விழுந்தார். 19 நாள் அதே மாதிரி ஒரு அறையில் கிடந்தார். விரல் நுனியில் சிவப்பு வெளிச்சம், பக்கத்தில் மிசின் மூச்சு. முதல் நாள் நான் அவருடைய காலைத்தான் பார்த்தேன். குதிக்கால் வெடிப்புக்குள் தோட்டத்துச் செம்மண் அப்படியே இருந்தது. ஒரு தாதி ஈரத்துணியோடு வந்து, ஒவ்வொரு வெடிப்பாக, நோகாமல் துடைத்தா. 'ஐயா, கால் துடைக்கிறன்' என்று அவரிடம் சொல்லிச் சொல்லித் துடைத்தா. அவர் கேட்பார் என்ற எண்ணம் அந்தப் பிள்ளைக்கு இருந்தது. எனக்கு அன்றைக்கு வேறு சாமி தேவைப்படவில்லை.

ஐயா திரும்பி வரவில்லை. இதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்கள் தம்பிக்கு வயது 24, என் ஐயாவுக்கு 71. அவர் கதை வேறு, இவன் கதை வேறு. ஆனால் அந்த 19 நாளும் நான் நம்பியிருந்தது வீண் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. நம்பியதால்தான் தினமும் அவரோடு கதைத்தேன்.

சந்நிதியில் கப்பூகர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மந்திரமும் வெளியில் கேட்காது. உங்களுக்குத் தேவாரம் வராவிட்டால் விடுங்கள், சும்மா போய் அங்கே இருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அப்புறம் மடத்தில் சோறு போடுவார்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். விரதம் என்று பட்டினி கிடக்காதீர்கள், பிள்ளை. அம்மாவையும் சாப்பிட வையுங்கள்.

உள்ளே விடும்போது, தாதியிடம் கேட்டுக்கொண்டு தம்பியின் கையைப் பிடியுங்கள். ஜிம்மி இன்னும் படலையடியில்தான் நிற்கிறது என்று சொல்லுங்கள். மத்தியானம் சோறு வைத்தீர்களா, தின்றதா, அதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா