நெடுந்தீவுக்குப் போய் எதைப் பார்ப்பது?

கேள்வி: யாழ்ப்பாணம் போகும்போது நெடுந்தீவுக்கும் போகலாம் என்று இருக்கிறோம். போய் வந்த உறவினர் ஒருவர், "வெறும் கல்லும் வெயிலும்தான், கோட்டையைப் பார்த்துவிட்டு அடுத்த படகிலேயே திரும்பிவிடுங்கள்" என்கிறார். அவ்வளவுதானா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: கல்லும் வெயிலும்தான், அவர் சொன்னது சரி. ஆனால் அந்தக் கல்லைப் பார்க்கத்தான் நீங்கள் போக வேண்டும் என்பேன். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் கிடக்கும் சுமார் 50 சதுர கிலோமீட்டர் நிலம், மலையும் இல்லை ஆறும் இல்லை, எங்கே நின்றாலும் வானம்தான் பெரிதாகத் தெரியும். மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே முழுக்க முருகைக்கல், அதாவது பழைய பவளப்பாறை. பயிர் வைக்க நிலத்தைத் திருத்தினால் கல்தான் வருகிறது, அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வேலியாக அடுக்கிவிட்டார்கள். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, கல்மேல் கல், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் கிடுகு (பின்னிய தென்னோலை) வேலியும் பனைமட்டை வேலியும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒழுங்கைக்கு ஒழுங்கை, அதாவது சந்துக்குச் சந்து, நீளும் அந்தச் சாம்பல் நிறக் கல்வேலிகள் வேறொரு ஊராகவே தெரியும். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டையும் அதே கல்தான், இன்று இடிந்த சுவர்களாக நிற்கிறது. எனக்குக் கோட்டையைவிட வேலிகளைத்தான் பிடிக்கும், ஏனென்றால் அவற்றுக்குள் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், மாடு நிற்கிறது, பனை நிற்கிறது.

இந்தக் கல்தான் தண்ணீர்க் கஷ்டத்துக்கும் காரணம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை கல்லின் துளைகள் வழியே இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத் தங்குகிறது. அளவுக்கு மேல் இறைத்தால் கிணறு உவர்ந்துவிடும். அதனால் நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் அங்கே அது சொத்து மாதிரி. தெற்குப் பக்கத்து வெளிகளில் திரியும் மட்டக்குதிரைகள், ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் வந்தவற்றின் வழி என்கிறார்கள், கடும் வறட்சியில் தண்ணீரில்லாமல் செத்தும் போகின்றன. அவற்றைத் துரத்திப் படம் எடுக்காதீர்கள், தயவுசெய்து.

அப்புறம், பெருக்கமரம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம், அடியில் ஆள் உள்ளே நுழையும் அளவுக்குப் பொந்து. எல்லோரும் காட்டுவார்கள், பாருங்கள்.

படகைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புங்குடுதீவில் உள்ள குறிகட்டுவான் படகுத்துறையிலிருந்து ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம், காற்றுக் காலத்தில் நன்றாகவே ஆட்டும். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வரும் சனங்கள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், இது அவர்களுக்குச் சுற்றுலா இல்லை. 1985 மே 15 அன்று இதே வழியில் ஓடிய குமுதினி என்ற படகில் போன பொதுமக்கள் இதே கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், குழந்தைகளும் கூட. நினைவிடம் தீவில் இருக்கிறது. கோட்டைக்குப் போகும் முன் அங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

முடிந்தால் மார்கழி, தையில் போங்கள், மழை முடிந்து வெளியெல்லாம் பச்சையாக இருக்கும். குடிதண்ணீரை யாழ்ப்பாணத்திலிருந்தே எடுத்துப் போங்கள், திரும்பும் படகின் நேரத்தை இறங்கியதுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.