செமினாருக்கு ஹாரி ஃபெர்குசனை எடுங்கள்

வேளாண் தானியங்கித் துறையின் முன்னோடி ஒருவரைப் பற்றி கல்லூரியில் பத்து நிமிடம் பேச வேண்டும், தேடினால் ட்ரோன் விளம்பரமாக வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஹாரி ஃபெர்குசனை எடுங்கள். பட்டம் வாங்கிய விஞ்ஞானி இல்லைதான். மேடம் கேட்டால் அவருடைய காப்புரிமைகளைக் காட்டுங்கள்.

1884இல் அயர்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1909இல் தானே கட்டிய விமானத்தில் பறந்தார் (ஒரு வரி போதும், இல்லையென்றால் நேரமெல்லாம் அதிலேயே போய்விடும்). முதல் உலகப் போரின்போது அரசுக்காக டிராக்டர்களைப் பார்வையிடும் வேலை. அன்று கலப்பையைப் பின்னால் கட்டி இழுப்பார்கள். அது கல்லில் மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கி ஓட்டுநர் மேலேயே கவிழும்.

அவர் கண்ட வழியைத்தான் நீங்கள் விரித்துப் பேச வேண்டும். கலப்பையை மூன்று இணைப்புகளால் டிராக்டரோடு சேர்த்தார். மண் இறுகி இழுவை கூடினால் மேல் இணைப்பு ஒரு ஸ்பிரிங்கை அழுத்தும். அது ஹைட்ராலிக் வால்வை (எண்ணெய் அழுத்தத்தைத் திறந்து மூடுவது) நகர்த்தும். கலப்பை சற்றே உயரும். இழுவை குறைந்தால் தானாக இறங்கும். சென்சார் (உணர்வது), கன்ட்ரோலர் (கட்டளையிடுவது), ஆக்சுவேட்டர் (செய்து முடிப்பது) மூன்றும் உண்டு, மின்கம்பி ஒன்றுகூட இல்லை! விளைவைப் பார்த்துத் தன்னையே திருத்திக்கொள்ளும் இந்த ஃபீட்பேக் லூப்பை போர்டில் வரைந்தாலே பாதி மதிப்பெண் வந்தாச்சு.

இந்த முறையில் டிராக்டர் தயாரிக்க 1938இல் கார் அதிபர் ஹென்றி ஃபோர்டோடு கைகுலுக்கலிலேயே முடிந்த ஒப்பந்தம், அப்புறம் ஃபோர்டு நிறுவனத்தின் மேல் வழக்கு, 1952இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம். சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அவர் இறந்த 1960இல்தான் சென்னையில் டாஃபே என்ற டிராக்டர் நிறுவனம் தொடங்கியது. அவர்கள் தயாரிக்கும் மாஸி ஃபெர்குசன் டிராக்டரில் இருப்பது இவர் பெயர்தான். திருவள்ளூர் பக்கம் போனால் ஒன்று கண்ணில் படும். உரிமையாளரிடம் கேட்டு, பின்பக்க இணைப்புகளைப் போட்டோ எடுங்கள். மேல் இணைப்பை மட்டும் தனியாக, கிட்டத்தில்.