பயந்த நாயைத் தடவிக் கொடுக்கலாமா? தீபாவளிக்கு முன் ஒரு கேள்வி பதில்

தீபாவளி நெருங்கும்போதெல்லாம் நாய் வளர்ப்பவர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வரும். வந்தவற்றில் சிலவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். வீட்டு நாய்களைப் பழக்குவது என் தொழில். கால்நடை மருத்துவர் இல்லை. அதனால் மருந்து என்று வந்தால் அவரிடம்தான் அனுப்புவேன்.

அக்கா, எங்கள் நாட்டு நாய்க்கு மூன்று வயது. ஒரு லட்சுமி வெடி வெடித்தால் போதும், கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிறது. அப்போது தடவிக் கொடுத்தால் பயம் இன்னும் அதிகமாகும், கண்டுகொள்ளாமல் விடு என்கிறார் மாமா. அவர் சொல்வது சரியா? (மதுரை)

சரியில்லை. இந்த நம்பிக்கை ரொம்பப் பேரிடம் இருக்கிறது. சோற்றுக்காகக் குரைக்கும் நாய்க்கு உடனே சோறு போட்டால் குரைப்பு கூடும், அது உண்மை. குரைப்பு அது செய்கிற செயல். பயம் அப்படி இல்லை, அது தானாக வருவது. ஆறுதல் கிடைக்கிறது என்பதற்காக எந்த நாயும் கூடுதலாகப் பயப்படாது.

ஆனால் மாமா பக்கமும் ஒரு நியாயம் உண்டு. "ஐயோ என் செல்லமே" என்று பதறிப்போய் அதை வெளியே இழுத்து மடியில் போட்டு அமுக்கினால் நிலைமை மோசமாகும். கட்டிலுக்கு அடி என்பது அது தானே தேடிக்கொண்ட இடம். அங்கேயே இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் தரையில், முகத்தை அதன் பக்கம் திருப்பாமல் உட்காருங்கள். கை தரையில் இருக்கட்டும். அது வந்து உரசினால் தொடுங்கள். வராவிட்டால் சும்மா இருங்கள், நீங்கள் பக்கத்தில் இருப்பதே அதற்கு உதவிதான்.

எங்கே தொடுவது, எப்படித் தொடுவது? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். (கோவை)

நாம் எல்லோரும் முதலில் கை வைப்பது தலை உச்சியில். பெரும்பாலான நாய்களுக்குப் பிடிக்காத இடமும் அதுதான். மேலேயிருந்து ஒரு கை கண்ணை மறைத்துக்கொண்டு இறங்கினால் யாருக்குத்தான் பிடிக்கும்? பாதம், வால், இடுப்பு இவையும் வேண்டாம். நெஞ்சு, கழுத்தின் பக்கவாட்டு, தோள்பட்டை, இந்த மூன்றில் ஒன்றில் தொடங்குங்கள். முதல் தொடுதல் புறங்கையால் இருக்கட்டும். விரல் வளைந்து பிடித்துக்கொள்ளாது என்பது நாய்க்கும் தெரியும்.

அடுத்தது வேகம். சத்தம் கேட்டவுடன் நமக்கும் பதற்றம், கை தானாக வேகமாகத் தட்டிக் கொடுக்கும். அது நாயை உசுப்பிவிடும். கழுத்திலிருந்து முதுகின் நடுவரை ஒருமுறை நீவ ஐந்து விநாடியாவது எடுத்துக்கொள்ளுங்கள். முடி வளர்ந்திருக்கும் திசையிலேயே போங்கள். மெதுவான வருடலை மட்டும் உணர்ந்து மூளைக்குச் சொல்லும் நரம்பு இழைகள் பாலூட்டிகளின் தோலில் உண்டு. மனிதர்களில் நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில்தான் அவை நன்றாக வேலை செய்கின்றன என்று அளந்திருக்கிறார்கள். நீங்கள் மூச்சை இழுத்து மெதுவாக விட்டுக்கொண்டே செய்தால் கை அந்த வேகத்துக்குத் தானாக வந்துவிடும்.

மூன்றாவது விஷயத்தைத்தான் யாரும் செய்வதில்லை: கையை எடுப்பது. ஒருமுறை நீவுங்கள், நிறுத்துங்கள், கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். நாய் உங்கள் பக்கம் சாய்கிறதா, மூக்கால் கையை முட்டுகிறதா? அப்படியானால் தொடருங்கள். உதட்டை நக்குகிறது, கொட்டாவி விடுகிறது, தலையைத் திருப்பிக்கொள்கிறது, எழுந்து உடம்பை உதறுகிறது என்றால் "போதும்" என்கிறது. நகராமல் இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். பயத்தில் விறைத்துப்போன நாயும் நகராது. வாய் இறுக மூடி, மூச்சு மேலோட்டமாக, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிந்தால் அது விறைப்பு.

2003இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இருவர், நாயைத் தடவும்போது இரு தரப்பு ரத்தத்திலும் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். பாசத்தோடு தொடர்புள்ள ஆக்சிடோசின் என்கிற ஹார்மோன் இருவருக்கும் கூடியது. கார்ட்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன் குறைந்ததோ மனிதர்களுக்கு மட்டும். நமக்கு இதமாக இருக்கிறது, அதனால் நாய்க்கும் இதமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அதனால்தான் கையை எடுத்துக் கேட்கச் சொல்கிறேன்.

டெலிங்டன் டிடச் என்று ஒரு முறை இருக்கிறதாமே? வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டுமாம். பலன் உண்டா? (பெங்களூரு)

லிண்டா டெலிங்டன் ஜோன்ஸ் என்பவர் உருவாக்கியது. கனடாவில் பிறந்தவர், குதிரைகளோடு வேலை செய்தவர். 1970களில் மோஷே ஃபெல்டன்கிராய்ஸிடம் அவருடைய உடலியக்கப் பயிற்சியைப் படித்தார். அதைக் குதிரைகளுக்குப் பயன்படுத்திப் பார்த்து, பிறகு நாய், பூனை என்று விரித்தார்.

செய்முறை எளிது. தோலின் மேல் ஒரு கடிகார முகப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணியில் விரல் நுனிகளை வைத்து, கடிகாரச் சுற்றில் ஒரு முழு வட்டம் வந்து, ஆறைத் தாண்டி ஒன்பது வரை போய் நிறுத்த வேண்டும். விரல் முடியின் மேல் வழுக்கக் கூடாது, விரலோடு சேர்ந்து தோல் நகர வேண்டும். அழுத்தம் எவ்வளவு? உங்கள் கண்ணிமையை மூடி அதன் மேல் விரலால் வட்டம் போட்டுப் பாருங்கள். உறுத்தாத அந்த அளவில் தொடங்கினால் போதும். ஒரு வட்டம் முடிந்ததும் சற்றுத் தள்ளி இன்னொன்று, தோள்பட்டையிலிருந்து பின்பக்கம் நோக்கி. காதை அடியில் மென்மையாகப் பிடித்து நுனிவரை உருவிவிடுவதும் இந்த முறையில் உண்டு. காதில் புண்ணோ சீழோ இல்லையென்றால் பல நாய்கள் அதற்குக் கண்ணைச் செருகிவிடும்.

பலன் பற்றி என் கருத்து: உறுதியான ஆய்வு ஆதாரம் குறைவு. வட்டத்தில் மந்திரம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வட்டம் போடுகிறவர் அவசரப்பட முடியாது, நாயைக் கவனிக்காமல் இருக்கவும் முடியாது. பாதி வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது.

உடம்பைச் சுற்றி இறுக்கமாகத் துணி கட்டினால் பயம் குறையுமா? (வேளச்சேரி)

சில நாய்களுக்குக் குறைகிறது. கடையில் விற்கும் உடுப்பு வாங்குவதற்கு முன் மூன்று அங்குல கிரேப் பேண்டேஜை வைத்துப் பாருங்கள். நடுப்பகுதியை நெஞ்சில் வைத்து, இரு முனைகளையும் தோளுக்கு மேல் கொண்டுவந்து குறுக்காக மாற்றி, வயிற்றுக்கு அடியில் மறுபடி மாற்றி, முதுகுக்கு மேலே கொண்டுவந்து முடியுங்கள். முடிச்சு முதுகுத்தண்டின் மேல் உட்காராமல் ஒரு பக்கமாக இருக்கட்டும். உள்ளே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். முதல் தடவை ஐந்து நிமிடம், அதுவும் சத்தமில்லாத நாளில். கட்டிவிட்டுக் கடைக்குப் போய்விடாதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கத் தொடங்கினால் உடனே அவிழ்த்துவிடுங்கள். கட்டியதும் பொம்மை போல நின்றுவிட்டால் அதுவும் நான் மேலே சொன்ன விறைப்புதான், அதையும் அவிழ்க்க வேண்டும்.

ஒன்பது வயது லேப்ரடார். இதுவரை வெடிக்குப் பயந்ததே இல்லை. இந்த வருடம் குக்கர் விசிலுக்கே ஒளிந்துகொள்கிறான். இடுப்பைத் தொட்டால் உறுமுகிறான். எப்படி நீவுவது? (திருச்சி)

நீவ வேண்டாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், இந்த வாரமே. வயதான நாய்க்குப் புதிதாகச் சத்த பயம் வந்தால் மூட்டிலோ தசையிலோ வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திடுக்கிடும்போது உடம்பு இறுகும், வலிக்கிற இடம் இன்னும் வலிக்கும், அப்புறம் சத்தமும் வலியும் மனதில் ஒன்றாகிவிடும். 2018இல் பிரிட்டன், பிரேசில் ஆய்வாளர்கள் இந்தத் தொடர்பைப் பதிவு செய்திருக்கிறார்கள். லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுத் தொல்லை சகஜம். உறுமினால் திட்டாதீர்கள், வலிக்கிறது என்று சொல்ல அவனுக்கு வேறு வழியில்லை.

தெருவிலிருந்து எடுத்து வந்த குட்டி. கையைத் தூக்கினாலே தரையோடு ஒட்டிக்கொள்கிறது. (ஈரோடு)

யாரோ அடித்திருக்கலாம், அல்லது மனிதக் கையோடு பழக்கமே இல்லாமல் வளர்ந்திருக்கலாம். எதுவானாலும் வழி ஒன்றுதான். சில நாட்களுக்குத் தொடுவதை நீங்கள் தொடங்காதீர்கள். கை என்றால் சாப்பாடு வரும் என்று மட்டும் தெரியட்டும். தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, உள்ளங்கையில் வேகவைத்த முட்டைத் துண்டு. அது வந்து உங்கள் முழங்காலில் மோவாயை வைக்கும் நாளில் நெஞ்சில் இரண்டு விரலால் ஒரு நீவல், அவ்வளவுதான். கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துவைத்துத் தடவினால் ஒரு வார வேலை வீணாகும்.

குழந்தை நாயைக் கட்டிப்பிடித்துச் சமாதானப்படுத்தலாமா?

கூடாது. முகமும் முகமும் பக்கத்தில் வரும், பயந்த நாய் தப்பிக்க வழியில்லாமல் கடிக்கும்.

எங்கள் தெரு நாய்களும் பாவம் நடுங்குகின்றன. அவற்றைத் தடவலாமா? (தஞ்சாவூர்)

தினமும் சோறு போட்டுப் பழகிய நாய் தானாக வந்து சாய்ந்தால் சரி. மற்றபடி வாசல் ஓரமோ படிக்கட்டுக்கு அடியோ ஒதுங்க இடம் விடுங்கள், ஒரு சட்டி தண்ணீர் வையுங்கள். நகமோ பல்லோ பட்டுவிட்டால் சிறிய கீறலானாலும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவின் தூக்க மாத்திரையில் பாதி கொடுத்தால் என்ன?

கொடுக்கவே கூடாது. நாய்களுக்கே தரும் மருந்துகளிலும் சில, உடம்பை மட்டும் அசையவிடாமல் செய்யும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். பயத்தைக் குறைக்கும் மருந்துகள் தனியாக உண்டு. தீபாவளிக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள், மருந்தை ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்க்க அவகாசம் வேண்டும்.

தீபாவளி அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லுங்கள் அக்கா. (நெல்லை)

தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை. அதை யார் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை. விடியும் முன்பும் மாலை 5 மணி வாக்கிலும் வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள், சங்கிலியை விடாமல். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, டிவியை ஓடவிடுங்கள். நெஞ்சு நீவலை இன்றைக்கே, வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில், அது படுக்கும் அதே பாயில் தொடங்குங்கள். சத்தம் வரும் அன்றைக்குத்தான் முதல் தடவை என்றால் அது எடுபடாது. சங்கிலியில் கட்டிப்போடாதீர்கள், மிரண்டு இழுத்தால் கழுத்து அறுபடும். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். பிள்ளைகள் மத்தாப்பு எடுக்க உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டே இருப்பார்கள், அதனால் வாசல் கதவுக்குப் பெரியவர் ஒருவரைப் பொறுப்பாக வைத்துவிடுங்கள்.