காமா பயில்வான்: கேட்டவர்களுக்குப் பதில்

கே: காமா எந்த நாட்டுக்காரர்?
ப: 1878இல் அமிர்தசரஸ் பக்கம் பிறந்தவர். இயற்பெயர் குலாம் முகமது. ஆதரித்து வளர்த்தது ததியா சமஸ்தானம், பிற்பாடு பாட்டியாலா. பிரிவினைக்குப் பிறகு லாகூர். 1960இல் அங்கேயே காலமானார். இரு நாட்டாரும் சொந்தம் கொண்டாடட்டும்.

கே: தினமும் எத்தனை பஸ்கி எடுத்தார்? நானும் தொடங்கலாமா?
ப: ஐயாயிரம் பஸ்கி, மூவாயிரம் தண்டால் என்பார்கள். சொல்கிற ஆள் மாறினால் கணக்கும் மாறும். அதை நம்பி இறங்காதீர்கள், முழங்கால் போய்விடும்.

கே: 1910இல் லண்டனில் என்ன நடந்தது?
ப: இப்படிக் கேளுங்கள்! காமாவும் தம்பி இமாம் பக்‌ஷும் கப்பலேறிப் போனார்கள். ஆள் குள்ளம் என்று அங்கே முதலில் யாரும் சீந்தவில்லை. ஆகஸ்டில் அமெரிக்கர் டாக்டர் ரோலர் மோத வந்து, இரண்டு முறை மண்ணைக் கவ்வினார். செப்டம்பர் 10 அன்று ஜான் புல் பெல்ட் என்ற உலகப் பட்டத்துக்காக எதிரே நின்றவர் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ. தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே காமா அவரைக் கீழே தள்ளிவிட்டார். அப்புறம் மனிதர் எழவே இல்லை. வயிற்றை விரிப்போடு ஒட்டவைத்துக் குப்புறக் கிடந்தார். தோள் இரண்டும் தரையில் பட்டால்தான் தோல்வி. அந்தக் கனத்த உடம்பைப் புரட்ட முடியவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இதே கதை! சமன் என்று நிறுத்தி, 17ஆம் தேதி மறுபடி வரச் சொன்னார்கள். ஸ்பிஸ்கோ வரவில்லை. பெல்ட் காமாவுக்கு.

கே: எதிராளி வராமல் கிடைத்த பெல்ட் ஒரு வெற்றியா?
ப: 10ஆம் தேதி நடந்தது சமன்தான், மறுக்கவில்லை. நம் நாட்டுப் பயில்வான் ரஹீம் பக்‌ஷ் சுல்தானிவாலாவும் காமாவோடு சமன் செய்தவரே. ‘தோற்காதவர்’ என்றால் சரி. ‘மோதிய ஒவ்வொரு முறையும் வென்றவர்’ என்று எழுதாதீர்கள்.

கே: (அதே நண்பர்) ஸ்பிஸ்கோ விதிக்குள்தானே ஆடினார்? கோழை என்கிறீர்களா?
ப: அந்தச் சொல் உங்களுடையது ஐயா. குப்புறக் கிடந்தால் புள்ளி போகும் என்ற விதி அன்று இல்லை, அதைப் பயன்படுத்திக்கொண்டார். 1920களில் உலகச் சாம்பியனாகவும் ஆனவர். ஆனால் 1928 ஜனவரியில் பாட்டியாலாவுக்கே வந்து மோதினாரே, ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. கிடந்து சமாளிக்க அங்கே நேரமே கிடைக்கவில்லை.

கே: (மீண்டும் அவரே) அது காமாவின் சொந்த மண். நடுவர் யார்...
ப: நடுவர் யாராக இருந்தால் என்ன? இன்னொரு நாள் இதற்கென்றே உட்காருவோம், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கே: அந்தக் காலத்து உலகச் சாம்பியன்கள் கோட்ச், ஹாக்கன்ஷ்மிட் இருவரோடும் காமா மோதினாரா?
ப: இல்லை. அந்த இருவரும் தங்களுக்குள் 1908இலும் 1911இலும் சிகாகோவில் மோதினார்கள். இரண்டிலும் கோட்ச் வென்றார்.

கே: காமா தினமும் எத்தனை பஸ்கி எடுப்பார்?
ப: மேலே படியுங்கள். முழங்காலையும் நினைவில் வையுங்கள்.

கே: தாரா சிங்கோடு குஸ்தி போட்டாரா?
ப: இல்லை. தாரா சிங் பிறந்ததே 1928இல், காமாவுக்கு ஐம்பது ஆனபோது.